வீல்சேர் ஓடலையா? மூலையில போட்டுடாதீங்க... சைக்கிள் கடையில சரியாகுற கோளாறு எது? ஆஸ்பத்திரி போகணும்னா எதுக்கு?

முகாமில் வீல்சேர் கிடைத்த அன்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆறு மாசம் கழித்துப் போய்ப் பார்த்தால், அதே வீல்சேர் திண்ணையோரம் துணி காயப்போடும் ஸ்டாண்டாக நிற்கும். ஏன் என்று கேட்டால், "டயர்ல காத்து நிக்கல", "முன்சக்கரம் ஆடுது", "பிரேக் பிடிக்க மாட்டேங்குது" என்பார்கள். அதில் உட்கார வேண்டியவர் மறுபடியும் கட்டிலுக்கே போயிருப்பார்.

சொல்லப்போனால், இந்த மூன்றுமே ஒரு ஸ்பேனர், ஒரு காத்து பம்பு, பக்கத்தில் ஒரு சைக்கிள் கடை இருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும் கோளாறுகள்தான். ஆனால் சைக்கிள் கடையில் கை வைக்கக் கூடாத விஷயங்களும் சில இருக்கின்றன. எது எதை எங்கே சரிசெய்யலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

பழுது பார்ப்பது ஏன் இவ்வளவு முக்கியம்?

மத்திய அரசின் ஏடிஐபி திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு வீல்சேர் உள்ளிட்ட உபகரணங்கள் வழங்கப்படுகின்றன. இந்தத் திட்டத்தின் விதிப்படி, ஒரு உபகரணம் வாங்கியவர் அதே தேவைக்கு மறுபடியும் உதவி பெற பொதுவாக 3 ஆண்டுகள் ஆக வேண்டும். 12 வயதுக்குக் குறைவான குழந்தைகளுக்கு மட்டும் இது 1 ஆண்டு. அதாவது, ஆறாவது மாசம் வண்டி நின்றுபோனால், அடுத்த வண்டிக்கு இரண்டரை வருஷம் காத்திருக்க வேண்டி வரலாம்.

தருமபுரி மாவட்டத்தில் இதோடு தூரமும் சேர்ந்துகொள்கிறது. அரூரில் இருந்து கலெக்டர் ஆபீஸ் உள்ள தருமபுரிக்கு சுமார் 40 கி.மீ. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைக் கிராமங்கள் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு நட்டு லூஸ் ஆனதுக்காக ஒருவரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியுமா?

உலகம் முழுக்க சுமார் 8 கோடி பேருக்கு வீல்சேர் தேவைப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வீல்சேர் கொடுப்பது என்றால் என்ன என்று அந்த நிறுவனம் 2008-ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதில் மொத்தம் 8 படிகள். கடைசிப் படி, பராமரிப்பும் பழுது பார்ப்பும். நம்ம ஊரில் பல நேரம் வண்டியைக் கையில் கொடுத்ததோடு வேலை முடிந்துவிடுகிறது. மீதியை வீட்டில் இருப்பவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் அளவு சரியா இருக்கா?

வண்டி கனமாக ஓடுகிறது, முதுகு வலிக்கிறது, தோள் வலிக்கிறது என்றால் உடனே வண்டியைக் குறை சொல்ல வேண்டாம். அளவு பொருந்தாமல் இருக்கலாம். உட்கார வைத்து இந்த 5 இடங்களைப் பாருங்கள்.

1. அகலம்: இடுப்பின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். கை மட்டும் நுழைகிற இடம் போதும். அதற்கு மேல் இருந்தால் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும். சக்கரத்தை எட்டிப் பிடித்துத் தள்ளுவதில் தோள் வலிக்கும். இடமே இல்லாமல் தொடை உரசினால் புண் வரும்.

2. ஆழம்: முதுகு நன்றாகச் சாய்ந்திருக்கும்போது, சீட்டின் முன் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவில் இரண்டு, மூன்று விரல் இடைவெளி வேண்டும். சீட் நீளமாக இருந்தால் அவர் முன்னால் வழுக்கி வழுக்கி வருவார்.

3. கால்மிதி உயரம்: கால்மிதி மேலே இருந்தால் தொடை சீட்டில் படாமல் தூக்கி நிற்கும், மொத்த எடையும் புட்டத்தில் இறங்கும். ரொம்பக் கீழே இருந்தால் கால் தொங்கும், மேடு பள்ளத்தில் கால்மிதி இடிக்கும். தொடை முழுக்க சீட்டில் படிய வேண்டும். கால்மிதிக்கும் தரைக்கும் நடுவில் குறைந்தது 5 செ.மீ. இருக்க வேண்டும். பல வண்டிகளில் ஒரே ஒரு போல்ட்டைத் தளர்த்தி இதை ஏற்றி இறக்கலாம்.

4. கைப்பிடி உயரம்: தோளைத் தூக்காமல் முழங்கை வசதியாகப் படிய வேண்டும்.

5. சக்கரம் எட்டும் தூரம்: கையைப் பின்சக்கரத்தின் உச்சியில் வைத்தால் முழங்கை கிட்டத்தட்ட 'ட' போல மடங்க வேண்டும். தானே தள்ளிக்கொண்டு போகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

சில வண்டிகளில் பின்சக்கரத்தை முன்னால், பின்னால் நகர்த்தி மாட்ட முடியும். முன்னால் கொண்டுவந்தால் தள்ளுவது சுலபம். ஆனால் மேட்டில் ஏறும்போது வண்டி பின்பக்கம் கவிழும் ஆபத்தும் கூடும். இந்த மாற்றத்தை பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

தருமபுரி மக்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் உள்ள மாவட்டம் இது. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பல வருஷம் அதிகமாகக் குடித்தால் எலும்பும் மூட்டும் விறைத்துப்போகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் நிதியுதவியோடு வந்து, 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டதன் முக்கியக் காரணமே இதுதான். இப்படி முதுகும் இடுப்பும் விறைத்தவர்களை "நேரா உட்காருங்க" என்று நேரான சாய்மானத்தில் அழுத்தி உட்கார வைக்கக் கூடாது. அவர் உடம்பு எவ்வளவு மடங்குமோ, அதற்கு ஏற்றபடிதான் சாய்மானமும் மெத்தையும் அமைய வேண்டும். இது சைக்கிள் கடை வேலை கிடையாது.

மெத்தையைச் சோதிக்க ஒரு கை போதும்

முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள், உணர்ச்சி குறைந்தவர்கள் விஷயத்தில் டயரை விட முதலில் பார்க்க வேண்டியது மெத்தையைத்தான். புண் வந்தால்கூட அவர்களுக்கு வலி தெரியாது. தெரியும்போது அது ஆழமாகப் போயிருக்கும்.

சோதனை இதுதான். அவரை நேராக உட்கார வைத்து, உங்கள் உள்ளங்கையை மேல்பக்கம் பார்க்க வைத்து, அவருடைய புட்டத்துக்கும் மெத்தைக்கும் நடுவில் நுழையுங்கள். உட்காரும் எலும்பு உங்கள் விரல் நுனியில் தட்டுப்படும்.

* விரல் நுனியை அரை செ.மீ. அளவுக்கு மேலும் கீழும் அசைக்க முடிகிறதா? பாதுகாப்பு.
* அசைக்க முடியவில்லை, ஆனால் கையைச் சுலபமாக உருவ முடிகிறதா? எச்சரிக்கை.
* விரல் நசுங்குகிறது, கையை உருவவே கஷ்டமா? ஆபத்து. அந்த மெத்தையை மாற்றியே ஆக வேண்டும்.

இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சோதியுங்கள். வீட்டுத் தலையணையை மடித்துப் போடுவது, துணியைச் சுருட்டி வைப்பது, காற்று ட்யூபை வளையமாகப் போட்டு உட்கார வைப்பது எல்லாம் வேண்டாம். மெத்தை நன்றாக இருந்தாலும், 20 - 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் குனிந்தோ, பக்கவாட்டில் சாய்ந்தோ ஒன்றிரண்டு நிமிடம் எடையை மாற்ற வேண்டும். தினமும் இரவு தோலைப் பாருங்கள். சிவந்தோ, கருத்தோ, சூடாகவோ இருக்கும் இடம் கொஞ்ச நேரத்தில் பழைய நிலைக்கு வரவில்லை என்றால், அந்த இடத்தில் எடை படவே கூடாது. உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

வாரம் ஒருமுறை 10 நிமிட வேலை

* காத்து: கட்டைவிரலால் டயரை அழுத்துங்கள். அரை செ.மீ.க்கு மேல் அமுங்கினால் காத்து அடிக்கணும். எவ்வளவு அடிக்கலாம் என்பது டயரின் பக்கவாட்டில் பி.எஸ்.ஐ. கணக்கில் அச்சிட்டிருக்கும்.
* முன்சக்கரம்: அச்சில் சுற்றியிருக்கும் தலைமுடி, நூல், சணல் எல்லாவற்றையும் பிடுங்கி எடுங்கள். இருப்பதிலேயே அடிக்கடி வரும் கோளாறு இது.
* நட்டு, போல்ட்டு: எல்லாவற்றையும் கையால் அசைத்துப் பாருங்கள். லூஸ் ஆனதை மட்டும் இறுக்குங்கள்.
* துடைப்பது: செம்மண் தூசியை ஈரத்துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் துடையுங்கள். பைப்பை நேராகப் பீய்ச்சி அடித்தால் பால்ரஸ் உள்ளே தண்ணீர் போய்த் துருப்பிடிக்கும். அதேபோல் இந்த வண்டியிலேயே உட்கார வைத்துக் குளிப்பாட்டக் கூடாது.
* சீட் துணி: தொட்டில் போலத் தொய்ந்திருக்கிறதா, ஸ்க்ரூ பிடித்த இடத்தில் கிழிகிறதா என்று பாருங்கள்.
* வெயில்: சித்திரை வெயிலில் வண்டியை வெளியே நிறுத்தாதீர்கள். ரப்பர் வெடிக்கும். உணர்ச்சி இல்லாத காலில் சூடான இரும்பு பட்டால் கொப்புளமே வந்த பிறகுதான் தெரியும்.

என்ன கோளாறுக்கு என்ன செய்யணும்?

பிரேக் பிடிக்கலையா? பிரேக்கைத் திருகுவதற்கு முன்னால் காத்தைப் பாருங்கள். வீல்சேர் பிரேக் என்பது டயரை ஒரு கட்டை அழுத்திப் பிடிப்பதுதான். டயரில் காத்து குறைந்தால் அழுத்த எதுவும் இருக்காது. காத்து அடித்த பிறகும் பிடிக்கவில்லை என்றால், பிரேக்கை ஃபிரேமில் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, டயர் பக்கம் சில மில்லிமீட்டர் நகர்த்தி இறுக்குங்கள். பூட்டினால் கட்டை டயரில் பதிய வேண்டும். திறந்தால் கொஞ்சம்கூட உரசக் கூடாது. இரண்டையும் பூட்டிவிட்டு காலி வண்டியைத் தள்ளிப் பாருங்கள். சக்கரம் சுற்றக் கூடாது.

பிரேக் கட்டையிலும் டயரிலும் எண்ணெய் படவே கூடாது. இன்னொன்று, இந்த பிரேக் நிற்கும் வண்டியை நிறுத்தி வைக்க மட்டும். ஓடும்போது வேகத்தைக் குறைக்க இதைப் போட்டால் ஆள் முன்னால் விழுவார்.

ஒரு பக்கமா இழுக்குதா? முதலில் ரோட்டைச் சந்தேகப்படுங்கள். தண்ணீர் வடிய ரோட்டை நடுவில் உயர்த்தி, ஓரத்தில் சரித்துத்தான் போடுவார்கள். அதே ரோட்டில் திருப்பி ஓட்டினால் மறுபக்கம் இழுக்கிறதா? அப்படியானால் வண்டியில் குறை இல்லை. ஒரே பக்கம்தான் இழுக்கிறது என்றால், இரண்டு பின்சக்கரத்திலும் காத்து சமமா என்று பாருங்கள். அடுத்து, ஒரு பக்க பிரேக் உரசுகிறதா என்று பாருங்கள். கடைசியாக, சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்தி நான்கு சக்கரத்துக்கு அடியிலும் ஒரு காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். ஒரு முன்சக்கரத்துக்கு அடியில் மட்டும் தடையில்லாமல் போனால் அந்தச் சக்கரம் தரையில் படவில்லை. முன்சக்கரம் மாட்டிய உயரத்தில் வித்தியாசம் இருக்கலாம். ஃபிரேமே வளைந்தும் இருக்கலாம்.

முன்சக்கரம் படபடன்னு ஆடுதா? ஃபோர்க்கை ஃபிரேமில் பிடித்திருக்கும் நட்டு லூஸ் ஆகியிருக்கும். காலி வண்டியைப் பின்பக்கமாகத் தரையில் படுக்க வையுங்கள். முன்சக்கர ஃபோர்க்கைப் பக்கவாட்டில் தூக்கி விடுங்கள். ஓரிரு முறை ஆடி நின்றால் சரி. பாதியிலேயே நின்றால் ரொம்ப இறுக்கம். ஊசல் போல ஆடிக்கொண்டே இருந்தால் லூஸ். கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கித் திரும்பத் திரும்பச் சோதியுங்கள். அப்படியும் ஆடினால் உள்ளே பேரிங் தேய்ந்திருக்கும்.

தள்ள கனமா இருக்கா? பத்தில் பாதி நேரம் காத்துதான் காரணம் என்று தைரியமாகச் சொல்லலாம். அடுத்தது அச்சில் சிக்கிய முடி. அதுவும் இல்லை என்றால் பின்சக்கரத்தைத் தரையில் இருந்து தூக்கிச் சுற்றிவிடுங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் பால்ரஸ் போயிருக்கும். சக்கரம் இடம் வலமாக ஆடினால் கோன் லூஸ். பிரேக் கட்டையில் விட்டு விட்டு உரசினால் ரிம்மில் கோட்டம்.

மடிக்க முடியலையா, கிரீச் சத்தமா? சீட்டுக்கு அடியில் கத்தரிக்கோல் போல இருக்கும் குறுக்குக் கம்பியின் நடு போல்ட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். மடிக்கும்போது சீட் துணியை முன்னும் பின்னும் பிடித்து மேலே இழுக்க வேண்டும். விரிக்கும்போது உள்ளங்கையால் சீட்டின் இரண்டு கம்பிகளையும் கீழே அழுத்துங்கள். விரலைக் கம்பிக்கு அடியில் விட்டால் நசுங்கிவிடும்.

டயர் மாத்தணுமா? "24 இஞ்ச்"னு மட்டும் சொல்லாதீங்க

வண்டிப்பாதையில் சீமைக்கருவேல முள் குத்திப் பஞ்சர் ஆவது சகஜம். ஒட்டுப் போடுவது சைக்கிள் கடைக்காரருக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை. சிக்கல் வருவது டயர் மாற்றும்போதுதான்.

வீல்சேரின் பின்சக்கரம் பெரும்பாலும் 24 இஞ்ச். சின்னப் பசங்க ஓட்டும் சைக்கிளிலும் 24 இஞ்ச் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. டயரின் பக்கவாட்டை உற்றுப் பாருங்கள். வீல்சேர் டயரில் பொதுவாக 37-540 என்று இருக்கும். இதில் 540 என்பது டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், மில்லிமீட்டரில். தடித்த டயர் போட்ட 24 இஞ்ச் சைக்கிள்களில் அந்த எண் 507. 33 மி.மீ. வித்தியாசம். எவ்வளவு இழுத்தாலும் மாட்டாது. அதனால் கடைக்குப் போகும்போது பழைய டயரையே கையில் கொண்டுபோய், "அண்ணா, இந்த நம்பர் பார்த்து அதே நம்பர்ல குடுங்க" என்று கேளுங்கள்.

காத்து அடிக்காத கெட்டி ரப்பர் டயரும் பல வண்டிகளில் வருகிறது. பஞ்சர் ஆகாது. ஆனால் கல் ரோட்டில் அதிர்ச்சி நேராக முதுகுக்கு ஏறும். அதில் வெடிப்பு, ரிம்மில் இருந்து நழுவுதல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

சைக்கிள் கடையில் எதுவரை?

செய்யலாம்: பஞ்சர், ட்யூப், டயர், கம்பி இறுக்குவது, கோட்டம் எடுப்பது, பால்ரஸ், கோன், கிரீஸ், பிரேக் நகர்த்துவது, கால்மிதி ஏற்றி இறக்குவது.

செய்யக் கூடாது: ஃபிரேமிலோ குறுக்குக் கம்பியிலோ விரிசல் தெரிந்தால் அந்த நிமிடமே வண்டியை நிறுத்துங்கள். ஆள் உட்கார்ந்திருக்கும்போது அது உடைந்தால் ஒரேயடியாக மடங்கிவிடும். அலுமினிய ஃபிரேமைச் சாதாரண வெல்டிங் பட்டறையில் ஒட்டவே முடியாது. இரும்பு ஃபிரேம் என்றாலும் மெல்லிய குழாய் என்பதால் கை தேர்ந்தவர்தான் செய்ய வேண்டும். சீட்டை அகலப்படுத்துவது, சாய்மானத்தை வளைப்பது, பெல்ட் பிடிக்க ஃபிரேமில் துளை போடுவது... இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

நம்ம ஊர் ரோட்டில் எப்படித் தள்ளுவது?

முன்சக்கரம் சின்னது. ஜல்லியிலும் மணலிலும் அது புதையும். புதைந்தால் ஆள் முன்னால் சரிவார். பின்னால் இருப்பவர் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லிவிட்டு, வண்டியை லேசாகப் பின்னால் சாய்த்து, பெரிய சக்கரத்திலேயே உருட்டிக்கொண்டு போக வேண்டும். செங்குத்தான இறக்கத்தில் வண்டியைத் திருப்பி, பின்பக்கமாக இறக்குங்கள். ஆளோடு தூக்க வேண்டி வந்தால் ஃபிரேமைப் பிடித்துத்தான் தூக்கணும். கழற்றி மாட்டும் கைப்பிடியையும் கால்மிதியையும் பிடித்தால் அது மட்டும் கையோடு வந்துவிடும்.

கடையில் தீராத பிரச்சனைக்கு எங்கே போவது?

கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்தான் முதல் இடம். திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். மனுவில் "வீல்சேர் பழுது" என்று மட்டும் எழுதாமல் எந்தப் பாகம், எப்போதிலிருந்து, வண்டி எந்த முகாமில் எப்போது கிடைத்தது என்று எழுதுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகல், உடைந்த பாகத்தின் போட்டோ இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

அளவு பொருந்தவில்லை, புண் வருகிறது, விறைப்பு கூடுகிறது என்றால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். வண்டியையும் கூடவே கொண்டுபோவது அவசியம். வெளியே வரவே முடியாதவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட திட்டம் இது. வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் இதில் அடக்கம். அப்படி வருபவரிடம் கை, கால் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளாமல் "இந்த வண்டி இவருக்குப் பொருந்துதான்னு பாருங்க" என்று கேளுங்கள்.

புது வண்டி வாங்கும் யோசனை உள்ளவர்களுக்கு ஒரு தகவல். சென்னை ஐஐடி 2025-ல் வெறும் 9 கிலோ எடையில் 'ஒய்டி ஒன்' என்ற வீல்சேரை அறிமுகப்படுத்தியது. பயன்படுத்துபவரின் உடம்புக்கு ஏற்ற அளவில் அமைப்பது அதன் சிறப்பு. சாதாரண இரும்பு வீல்சேர் 15 கிலோவைத் தாண்டும். லேசான வண்டியோ, கனமான வண்டியோ, காத்து இறங்கினால் இரண்டும் ஒரே மாதிரிதான் நிற்கும்.

இதைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஓரமாக நிற்கும் வீல்சேரின் டயரைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அமுங்கினால், காத்து அடித்த கையோடு அவரை உட்கார வைத்து வாசல் வரை கூட்டிக்கொண்டு வாங்க.